இரண்டு ராத்திரிக்கு ஒரு பழைய ஓட்டல்: நீஸா, கானா, மோன்டே கார்லோவா, ஆந்தீப்பா?

எங்களுக்குக் கல்யாணமாகி வருகிற வருடத்தோடு இருபத்தைந்து வருடம் முடிகிறது. மண்டபம், விருந்து, சொந்தக்காரர் கூட்டம் எதுவும் வேண்டாம், அந்தக் காசில் மத்தியதரைக் கடலோரம் ஒரு பழைய பெரிய ஓட்டலில் இரண்டு ராத்திரி தங்கிவிட்டு வரலாம் என்று மனைவி சொன்னதும் நான் தலையாட்டிவிட்டேன். எந்த ஓட்டல் என்ற கேள்வி அதற்கப்புறம்தான் வந்தது, அது இரண்டு மாதம் ஓடியது. அந்த இரண்டு மாதத்தில் நாங்கள் யோசித்தது, படித்தது, சண்டை போட்டது எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன், இதே குழப்பத்தில் இருக்கிற வேறு யாருக்காவது உதவும்.

முதலில் எங்கள் நிலைமை. பாரீசுக்கு வெளியே புறநகரில் வீடு, இரண்டு பேர் சம்பளம், படிக்கிற பிள்ளை. ஒரு ராத்திரிக்கு நானூறு யூரோ என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும், ஆனால் வாழ்க்கையில் ஒரு தடவை என்று மனசைத் தேற்றிக்கொள்ள முடியும். ஆயிரத்தைத் தாண்டினால் எந்தத் தேற்றலும் வேலைக்கு ஆகாது. பாரீசிலிருந்து நீஸுக்கு அதிவேக ரயிலில் ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் ஆகிறது, அதனால் தென்பிரான்சின் கடற்கரை என்று முடிவு செய்தோம். இத்தாலியின் சொரெந்தோ, எகிப்தின் அலெக்சாந்திரியா எல்லாம் மனைவியின் ஆசைப் பட்டியலில் இருந்தன. இரண்டு ராத்திரிக்காக விமானம் மாறி மாறிப் போக எனக்குத் தெம்பில்லை.

கடைசியில் நான்கு பேர் களத்தில் நின்றார்கள். நீஸில் நெக்ரெஸ்கோ, கானில் கார்ல்டன், மொனாக்கோவின் மோன்டே கார்லோவில் ஓட்டல் து பாரி, ஆந்தீப் முனையில் ஓட்டல் து கப் ஈடன் ராக். நான்கும் ஒரே கடற்கரையில், மேற்கே கானிலிருந்து கிழக்கே மொனாக்கோ வரை உள்ளூர் ரயிலில் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் அடங்கிவிடுகிற தூரத்தில் இருக்கின்றன. நீஸ் பக்கம் மலிவான அறை எடுத்துத் தங்கின பல பயணங்களில் இந்த ஓட்டல்களின் வாசல் வரை, சிலவற்றில் காபி விலை தாங்குகிற வரை, போய் வந்திருக்கிறோம். தங்கினதில்லை.

ஒப்பிட ஆரம்பிக்கும் முன்னால் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும், அது தெரிந்தபின்தான் எங்கள் தேடலே திசை மாறியது. இந்த ஓட்டல்கள் எதுவும் கோடைக்காகக் கட்டப்பட்டவை கிடையாது. கோத் தஸூர், ரிவியேரா என்றெல்லாம் சொல்லப்படும் இந்தக் கரை நூறு வருடத்துக்கும் மேலாகக் குளிர்கால ஊராக இருந்தது. வடக்கே ஆல்ப்ஸ் மலை குளிர்காற்றைத் தடுத்துவிடுகிறது, ஜனவரியிலும் பகலில் பதின்மூன்று டிகிரி வரை போகும். லண்டனிலும் பீட்டர்ஸ்பர்க்கிலும் இருமிக்கொண்டிருந்த பணக்காரர்களை மருத்துவர்கள் இங்கே அனுப்பினார்கள். நீஸின் கடலோரச் சாலைக்கு ஆங்கிலேயர் உலாச்சாலை என்று அர்த்தம் வருகிற ப்ரோமனாத் தேஸாங்கிலே என்ற பெயர் எப்படி வந்தது தெரியுமா? 1820களின் தொடக்கத்தில் ஒரு கடும் குளிரில் பயிர் கருகி வேலையில்லாமல் நின்ற ஊர்க்காரர்களுக்கு, அங்கே தங்கியிருந்த ஆங்கிலேயர்கள் காசு திரட்டிக் கடலோரம் நடைபாதை போடும் வேலை கொடுத்தார்கள். லூயிஸ் வே என்ற பாதிரியார் முன்னால் நின்று செய்த காரியம். 1860ல் நீஸ் பிரான்சோடு சேர்ந்தது, 1864ல் ரயில் வந்தது, அப்புறம் விக்டோரியா மகாராணியே வந்து ஊரின் மேட்டுப்பகுதியான சிமியேயில் தங்க ஆரம்பித்தார். ஏப்ரல் மே ஆனால் ஓட்டல்கள் கதவைச் சாத்திவிடும். வெயில் காலத்தில் கடலோரம் உட்கார்ந்திருப்பது அன்றைய கனவான்களுக்குப் பைத்தியக்காரத்தனம். 2021ல் யுனெஸ்கோ நீஸை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோதும் ரிவியேராவின் குளிர்கால உல்லாச நகரம் என்றுதான் சேர்த்தது.

இன்று நிலைமை தலைகீழ். ஜூலை ஆகஸ்டில் விலை வானத்தில், ஜனவரியில் தரையில். கட்டடம் எந்தப் பருவத்துக்காகக் கட்டப்பட்டதோ அந்தப் பருவத்தில்தான் இன்று மலிவு என்றால் அதை ஏன் விடவேண்டும்? இது என் கட்சி. மனைவி முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. "கடலுக்குப் போய்க் காலைக்கூட நனைக்காமல் வரவா இவ்வளவு காசு?" என்றாள். நியாயமான கேள்விதான். அதனால் கோடைக்குச் சரியான ஓட்டல் எது, குளிருக்குச் சரியானது எது என்று இரண்டு விதமாகவும் பார்த்தோம்.

கோடை என்று எடுத்தால் சந்தேகமே இல்லை, ஈடன் ராக். ஆந்தீப் முனையின் கடைசியில், பைன் மரத்தோப்புக்கு நடுவில் ஒரு வெள்ளை மாளிகை, அதன் வாசலிலிருந்து நேர்க்கோடாக ஒரு அகலமான பாதை கடலை நோக்கி இறங்கும், இறங்கினால் பாறை விளிம்பில் ஈடன் ராக் என்ற இன்னொரு கட்டடம். அங்கேதான் பாறையைக் குடைந்து 1914ல் செய்த நீச்சல் குளம். மணல் கிடையாது, ஏணியில் இறங்கி நேரே ஆழமான கடலில் குதிக்க வேண்டும், கடலுக்கு மேலே தொங்கும் ஊஞ்சல் கம்பியில் ஆடிக் குதிக்கிற படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மாளிகையைக் கட்டியவர் ஃபிகாரோ பத்திரிகைக்கு மறுவுயிர் கொடுத்த வில்மெசான். 1870ல் எழுத்தாளர்கள் ஓய்வெடுக்க ஒரு இடம் என்று ஆரம்பித்த யோசனை, அது ஓடவில்லை (எழுத்தாளர்களை நம்பி ஓட்டல் நடத்தினால் வேறென்ன ஆகும்). பிறகு செல்லா என்ற இத்தாலியர் எடுத்து ஓட்டலாக நிலைநிறுத்தினார்.

இந்தக் கடற்கரையின் பருவம் தலைகீழானதே இந்த ஓட்டலில்தான் என்று சொல்லலாம். 1923ல் ஜெரால்ட் மர்ஃபி, சாரா மர்ஃபி என்ற அமெரிக்கத் தம்பதி, வழக்கம்போல் கோடைக்கு மூடப்போன செல்லாவிடம் பேசி, ஒரு சில வேலையாட்களை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டலைத் திறந்துவைக்கச் சொன்னார்கள். பிக்காசோ குடும்பமும் அந்தக் கோடையில் வந்தது. பக்கத்து கரூப் கடற்கரையில் கிடந்த கடற்பாசியை வாரி ஒதுக்கி மர்ஃபி மணலைச் சுத்தம் பண்ணுவாராம். அங்கே பாய் விரித்து வெயில் காய ஆரம்பித்தவர்களைப் பார்த்துத்தான் மற்ற ஊரும் கோடைக்கு மாறியது. இதில் வேடிக்கை என்ன என்றால், குளிர்காலத்துக்கென்று பிறந்த அந்த ஓட்டல் இன்று குளிர்காலம் முழுக்கப் பூட்டிக்கிடக்கிறது. வசந்தத்தில் திறந்து அக்டோபரில் மூடிவிடுவார்கள்.

ஆக, இங்கே மலிவுப் பருவம் என்று ஒன்றே கிடையாது. ஆயிரம் யூரோவுக்குக் கீழே பேச்சே இல்லை, கோடையில் அதற்கு வெகு மேலே. 2006 வரைக்கும் கடன் அட்டையே வாங்காமல் ரொக்கமும் வங்கிப் பரிமாற்றமும்தான் என்று பிடிவாதமாக இருந்த இடம் இது, யாருக்காக நடக்கிறது என்று அதிலேயே புரிந்துகொள்ளலாம். ஒரு வாரம் தங்கி எங்கேயும் போகாமல் குளத்துக்கும் பாறைக்கும் நடுவில் கிடப்பவர்களுக்கு அது சொர்க்கம், மறுக்கவில்லை. இரண்டு ராத்திரிக்காரர்களுக்கு? முதல் நாள் வந்து சேர்ந்து பெட்டியை வைக்கவே மாலை ஆகிவிடும், மூன்றாம் நாள் காலையில் அறையைக் காலிசெய்ய வேண்டும், நடுவில் இருக்கும் ஒரே ஒரு நாள் மேகமூட்டமாக இருந்தால் போச்சு. ஒரு நாள் வானிலையை நம்பி அவ்வளவு பணத்தைக் கட்ட நான் தயாரில்லை. அதற்குப் பதிலாக ஆந்தீப் ஸ்டேஷனில் இறங்கி பஸ் பிடித்து கரூப் கடற்கரைக்குப் போங்கள். அங்கிருந்து முனையைச் சுற்றிப் பாறைகளின் மேலேயே ஒற்றையடிப் பாதை போகிறது. அதே கடல், அதே பைன் வாசம், காசு கிடையாது. காற்று பலமாக அடிக்கும் நாளில் மட்டும் அந்தப் பாதையை மூடிவிடுவார்கள்.

கானின் கார்ல்டனை ஒரு பத்தியில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன், முடியாது போலிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் நான்கிலும் அழகு இதுதான் என்பது மனைவியின் தீர்ப்பு. 1911ல் திறந்தது, ஷார்ல் தால்மாஸ் என்ற நீஸ் ஊர்க் கட்டடக் கலைஞர் வரைந்தது, குருவாசெத் சாலையில் வெள்ளை வெளேரென்று, இரு மூலையிலும் கரிய கூம்புக் குவிமாடத்தோடு நிற்கும். 1954ல் ஹிட்ச்காக் வந்து, கிரேஸ் கெல்லியையும் கேரி கிராண்டையும் வைத்து, ரிவியேரா ஓட்டல்களில் நகை திருடுகிறவனைப் பற்றிய ஒரு படத்தை இங்கே எடுத்தார். 2013 ஜூலையில் அதே கார்ல்டனில் ஒரு நகைக் கண்காட்சிக்குள் பட்டப்பகலில் ஒரே ஒரு ஆள் துப்பாக்கியோடு நுழைந்து சுமார் பத்து கோடி யூரோ மதிப்புள்ள வைரங்களை அள்ளிக்கொண்டு சில நிமிடத்தில் போய்விட்டான். கதை எழுதினால் நம்ப மாட்டார்கள்.

கார்ல்டனில் எனக்கு இருக்கும் தயக்கம் வேறு. சில வருடம் மூடி, பெரிதாகப் புதுப்பித்து 2023ல் திறந்திருக்கிறார்கள். பின்னால் தோட்டமும் நீச்சல் குளமும் புதுக் கட்டடங்களும் வந்திருக்கின்றன, அறைகள் எல்லாம் புத்தம் புதிது, குளியலறையில் பளிங்கு. வசதியைத் தேடுகிறவருக்கு இதுவே சரியான இடம், ஏனென்றால் பழைய ஓட்டல்களில் வழக்கமாக இருக்கும் தொல்லைகள் இங்கே இருக்க வாய்ப்பு குறைவு. முந்நூறுக்கும் மேல் அறைகள் இருப்பதால் இடம் கிடைப்பதும் சுலபம். ஆனால் அறைக்குள் போனபின் நான் 1911ல் இருக்கிறேனா, உலகத்தில் எங்கும் இருக்கிற ஒரு நல்ல புது ஓட்டலில் இருக்கிறேனா என்ற சந்தேகம் படங்களைப் பார்க்கும்போதே வந்துவிட்டது. கான் கடற்கரையில் மணல் இருக்கிறது, அது பெரிய சாதகம், குழந்தைகளோடு போகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதை எடுக்கலாம். மே மாதம் திரைப்பட விழா சமயத்தில் மட்டும் கான் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். திரைப்பட விழா இல்லாவிட்டாலும் அந்த விழா நடக்கும் மண்டபத்தில் ஏதாவது வர்த்தக மாநாடு நடந்துகொண்டே இருக்கும், அந்த வாரங்களில் ஊர் முழுக்க அறை விலை ஏறும். ஓட்டல் வலைத்தளத்தைப் பார்க்கும் முன் மாநாட்டு நாட்காட்டியைப் பாருங்கள்.

ஓட்டல் து பாரி பற்றி எனக்கும் மனைவிக்கும் கருத்து ஒத்துப்போனது, அதுவே அபூர்வம். வரலாறு என்று பார்த்தால் நான்கிலும் இதுதான் கனமானது. மொனாக்கோவின் ராஜா கையில் காசில்லாமல் இருந்த காலம். பக்கத்து மொந்தோன் ஊரும் ரோக்ப்ரூனும் பிரிந்து போய்விட்டன, அவை கட்டிய வரியும் போய்விட்டது. 1863ல் பிரான்சுவா பிளான் என்ற சூதாட்டவிடுதிக்காரரை அழைத்து வந்து, கடல் குளியல் கம்பெனி என்று நாசூக்கான பெயர் வைத்து சூதாட்ட உரிமையைக் கொடுத்தார்கள். அடுத்த வருடம் 1864ல் அவர் திறந்ததுதான் ஓட்டல் து பாரி. இன்றும் அதே கம்பெனிதான் நடத்துகிறது. காசினோ வருமானம் கொட்டியதில் 1869ல் குடிமக்களுக்கு வரியே வேண்டாம் என்று ராஜா அறிவித்தார். ஆனால் மொனாக்கோ குடிமக்கள் அந்தக் காசினோவில் விளையாடக் கூடாது என்று சட்டம், அது இன்றும் இருக்கிறது. ஊரான் பணத்தில் ஊர் நடத்துவது என்றால் இதுதான்.

முன்கூடத்தில் பதினான்காம் லூயியின் குதிரைச் சிலை ஒன்று நிற்கிறது. காசினோவுக்குப் போகும் முன் குதிரையின் முழங்காலைத் தொட்டால் அதிர்ஷ்டம் என்று ஆளாளுக்குத் தொட்டுத் தொட்டு அந்த முழங்கால் மட்டும் தங்கம் மாதிரி மின்னுகிறது, மற்ற உடம்பெல்லாம் கருப்பு. நானும் தொட்டேன். வெளியே வந்து எதிர்க் கடையில் இரண்டு காபிக்குக் கொடுத்த காசைப் பார்த்தபோது குதிரை என்னை ஏமாற்றிவிட்டது என்று தெரிந்தது. நிலத்தடியில் பிளானின் மனைவி மரீ 1874ல் ஏற்படுத்திய மதுப் பாதாள அறை, லட்சக்கணக்கான புட்டிகள். இரண்டாம் உலகப் போரில் சிறந்த புட்டிகளை ஒரு சுவர் எழுப்பி மறைத்து ஜெர்மன்காரர் கண்ணில் படாமல் காப்பாற்றினார்கள். 1976ல் மொனாக்கோ இளவரசர் ரெனியேவும் அவர் மனைவியான அதே நடிகை கிரேஸ் கெல்லியும் தங்கள் இருபதாவது கல்யாண நாளை அந்தப் பாதாள அறையில்தான் கொண்டாடினார்கள். கல்யாண நாளுக்குப் போகிற எங்களுக்கு இந்தத் தகவல் ஒரு நாள் முழுக்க ஆசையைக் கிளப்பிவிட்டது.

பிறகு ஏன் வேண்டாம் என்றோம்? ஒன்று, விலை. குளிர்காலத்திலும் எங்கள் எல்லையைத் தாண்டியது. இரண்டு, இதுவும் நான்கு வருடம் போல வேலை நடந்து 2019ல் முடிந்த புதுப்பித்தல், உள்ளே பெரும்பகுதியை இடித்துக் கட்டியிருக்கிறார்கள். மூன்று, மோன்டே கார்லோ ஒரு ஊராக எங்களுக்கு ஒட்டவில்லை. காசினோ சதுக்கத்தில் நிற்கும் கார்களைப் பார்க்க ஒரு கூட்டம், அந்தக் கூட்டத்தைப் பார்க்க காரில் உட்கார்ந்திருப்பவர்கள், சாயங்காலத்துக்குள் அலுத்துவிடும். மோட்டார் பந்தயத்தில் பைத்தியம் உள்ளவர்களுக்கு கிராண்ட் பிரிக்ஸ் ஓட்டல் வாசலிலேயே வளைந்து போகும், அவர்கள் கணக்கு வேறு. அப்புறம், நல்ல சமையலுக்காகவே பயணம் போகிறவர்களுக்கு 1987ல் அலேன் துகாஸ் என்ற சமையல் கலைஞர் தொடங்கிய லூயி கேன்ஸ் உணவகம் இங்கே இருக்கிறது. என் மனைவி சைவம். அந்த உணவகம் காய்கறிக்குப் பேர்போனதுதான், ஆனாலும் அந்த விலைக்குக் கத்தரிக்காய் சாப்பிட அவள் கை வராது.

மிச்சம் நெக்ரெஸ்கோ. நான் ஆரம்பத்திலிருந்தே இதற்குத்தான் கொடி பிடித்தேன், அதனால் இனி எழுதுவதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்து படியுங்கள்.

ஹென்ரி நெக்ரெஸ்கோ ருமேனியாவின் புக்கரெஸ்ட்டில் ஒரு சத்திரக்காரரின் மகன். ஊர் ஊராக ஓட்டல்களில் வேலை பார்த்து நீஸுக்கு வந்து, நகராட்சி காசினோவின் உணவகத்தை நடத்தினார், அங்கே சாப்பிட வந்த கோடீஸ்வரர்களைக் கவனித்துக்கொண்டதில் தனக்கென்று ஒரு மாளிகை கட்டும் ஆசை வந்தது. தராக் என்ற கார் உற்பத்தியாளர் பணம் போட்டார், நியர்மான்ஸ் என்ற டச்சு வம்சாவளிக் கட்டடக் கலைஞர் வரைந்தார். 1913 ஜனவரியில் திறப்பு. நீஸின் ருஷ்யத் தேவாலயம் திறந்தது அதற்குச் சில வாரம் முன்னால், 1912 டிசம்பரில், அந்தக் குளிர்காலத்தில் ஊர் எப்படிக் களைகட்டியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இரண்டே இரண்டு பருவம். 1914 ஆகஸ்டில் போர் வெடித்தது, ஓட்டல் காயப்பட்ட சிப்பாய்களுக்கான ஆஸ்பத்திரியானது, போர் முடிந்தபோது நெக்ரெஸ்கோ கடனாளி. ஓட்டல் கைமாறியது, 1920ல் அவர் பாரீசில் இறந்துபோனார். பெயர் மட்டும் கூரையில் நிற்கிறது.

அப்புறம் 1957ல் ஒரு குடும்பம் இதை வாங்கியது. சக்கர நாற்காலியில் இருந்த தாயாரின் நாற்காலி நுழைகிற அளவு பெரிய லிஃப்ட் இந்த ஓட்டலில் இருந்ததால் வாங்கினார்கள் என்று சொல்வார்கள். அந்தத் தாயின் மகள் ழான் ஓஜியே அதற்குப் பிறகு அறுபது வருடம் இதை நடத்தினார். பெரிய சங்கிலி ஓட்டல் கம்பெனிகளுக்கு விற்க மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றார், மேல்மாடியிலேயே குடியிருந்தார், கண்ணில் பட்ட ஓவியம் சிற்பம் நாற்காலி கம்பளம் எல்லாவற்றையும் வாங்கி வாங்கி ஓட்டலை நிரப்பினார். ஆறாயிரம் கலைப்பொருட்கள் என்று கணக்கு சொல்கிறார்கள். பிள்ளைகள் இல்லை. 2019 ஜனவரியில் 95 வயதில் இறந்தபோது, விலங்குகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உதவும் ஒரு அறக்கட்டளையின் கையில் ஓட்டல் இருக்கும்படி ஏற்பாடு செய்துவிட்டுப் போனார். மற்ற மூன்று ஓட்டல்களுக்குப் பின்னால் கம்பெனி இருக்கிறது. இங்கே ஒரு அம்மாளின் ரசனை இருக்கிறது, அது சில இடங்களில் அதீதமான ரசனை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நடுவில் இருக்கும் ராஜ மண்டபம் நீள்வட்டம், மேலே கண்ணாடிக் குவிமாடம், அதிலிருந்து பக்கரா கம்பெனியின் படிகச் சரவிளக்கு, 16,309 படிகத் துண்டுகள். ருஷ்யாவின் இரண்டாம் நிக்கோலாஸ் சொல்லிச் செய்த விளக்குகளில் ஒன்று, புரட்சி வந்ததால் ருஷ்யாவுக்குப் போகவில்லை என்பது இங்கே வழிவழியாகச் சொல்லும் கதை. அதன் கீழே நிக்கி த சான் ஃபால் செய்த மஞ்சள் நிறக் குண்டுப் பெண் சிற்பம் ஒன்று குதூகலமாக ஆடிக்கொண்டு நிற்கிறது. பக்கத்து மண்டபத்தில் ஹியாசிந்த் ரிகோ தீட்டிய பதினான்காம் லூயியின் ஆளுயர ஓவியம். வாசலில் இறகு வைத்த தொப்பியும் பதினெட்டாம் நூற்றாண்டு உடுப்புமாகக் காவலாளி. ஒரு மாடி லூயி காலம், ஒரு மாடி நெப்போலியன் காலம், சில அறைகளில் கட்டில் வரை எல்லாமே சிவப்பு வெல்வெட். என் தம்பி படங்களைப் பார்த்துவிட்டு "நாடக செட்டு மாதிரி இருக்கே அண்ணா" என்றான். சரிதான். வெள்ளைச் சுவரும் அமைதியான மர நிறமும்தான் பிடிக்கும் என்பவர்கள் இங்கே இரண்டு மணி நேரத்தில் மூச்சு முட்டிப்போவார்கள், அவர்கள் கார்ல்டனுக்கே போகட்டும்.

குறைகளை மறைக்கக் கூடாது. ஓட்டலுக்கும் கடலுக்கும் நடுவில் ப்ரோமனாத் சாலை இருக்கிறது, அது பூங்கா நடைபாதை மட்டும் கிடையாது, பல வரிசை வாகனங்கள் ஓடும் ஊரின் முக்கியச் சாலை. கடலைப் பார்த்த அறை எடுத்தால் ஜன்னலைத் திறந்ததும் அலைச் சத்தத்தோடு வண்டிச் சத்தமும் வரும். கடற்கரை முழுக்க உருண்டைக் கல், வெறுங்காலில் நடக்க முடியாது. 2016 ஜூலை 14 ராத்திரி 86 பேர் லாரி ஏற்றிக் கொல்லப்பட்டதும் இந்தச் சாலையில்தான். அன்று காயப்பட்டவர்களைத் தூக்கி வந்து கிடத்தி முதலுதவி செய்தது நெக்ரெஸ்கோவின் முன்கூடத்தில், நூறு வருடம் கழித்து மறுபடி ஆஸ்பத்திரியானது. அங்கே நடக்கும்போது நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் பேசாமல்தான் நடப்போம்.

ஆனால் இரண்டு ராத்திரிக்காரருக்கு நெக்ரெஸ்கோவில் வேறெங்கும் இல்லாத ஒரு சௌகரியம் உண்டு. மழை பெய்தால் ஒன்றும் நஷ்டமில்லை. பார்க்க வேண்டியது ஓட்டலுக்குள்ளேயே இருக்கிறது, 1913ன் மரச்சுவர் பாரில் உட்கார்ந்து ஒரு மாலை போய்விடும், மறுநாள் பக்கத்துக் காம்பவுண்டு மசெனா மாளிகை அருங்காட்சியகத்தில் ஊரின் கதையே இருக்கிறது. மழை விட்டால் அரை மணி நடையில் பழைய நகரம். அங்கே சொக்கா என்று கடலைமாவும் ஆலிவ் எண்ணெயும் கலந்து பெரிய செப்புத் தட்டில் விறகு அடுப்பில் சுட்டு, மிளகு தூவிப் பிய்த்துக் கொடுப்பார்கள். கடலைமாவு தோசையின் பெரியப்பா பிள்ளை. அதிகம் போனால் சில யூரோ, என் மனைவிக்கு ஓட்டல் விருந்தைவிட இதுதான் முக்கியம். கூர் சலேயா பூச்சந்தை திங்கட்கிழமை இருக்காது, அன்று பழம்பொருள் சந்தை, பூ வேண்டுமென்றால் நாள் பார்த்துப் போங்கள். பகல் பன்னிரண்டுக்குக் கோட்டைக் குன்றிலிருந்து டமால் என்று வெடிச்சத்தம் கேட்கும், பயப்பட வேண்டாம். 1860களில் ஊர் வம்பு பேசிக்கொண்டு மதியச் சமையலை மறந்துவிடுகிற மனைவியை வீட்டுக்கு வரவழைக்க ஒரு ஸ்காட்லாந்துக்காரர் தினமும் பீரங்கி வெடிக்க ஏற்பாடு செய்தாராம், அந்த வழக்கம் இன்றும் நிற்கவில்லை. இந்தக் கதையை என் மனைவியிடம் சொன்னபோது, அவரே சமைத்திருக்கலாமே என்றாள்.

நீஸ் நடுவில் இருப்பதால் ஓட்டல் து பாரியையும் கார்ல்டனையும் பார்த்துவிடலாம் என்பது இன்னொரு பெரிய விஷயம். மொனாக்கோ ரயிலில் இருபத்தைந்து நிமிடம், குதிரையின் முழங்காலைத் தொட்டுவிட்டு மதியத்துக்குள் திரும்பலாம். கான் நாற்பது நிமிடத்துக்குள். ஒரு இடத்தில் தங்கிக்கொண்டு மற்ற இரண்டையும் ஒரு காபி விலையில் பார்ப்பது எனக்குக் கெட்டிக்காரத்தனமாகப் படுகிறது.

விலை விஷயம். நான் தேடினபோது ஜனவரி கடைசியில், வார நாளில், நெக்ரெஸ்கோவின் சாதாரண அறை முந்நூறு யூரோவை ஒட்டி இருந்தது, அதே அறை ஜூலையில் இரண்டு மடங்கைத் தாண்டியது. பிப்ரவரியில் நீஸ் கார்னிவல், மொந்தோனில் எலுமிச்சைத் திருவிழா, மிமோசாப் பூ மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும், பார்க்க ஆசைதான். ஆனால் கூட்டத்தோடு விலையும் ஏறும், அதனால் அதற்கு முன்போ பின்போ. காலை உணவு தனிக்கணக்கு, ஆளுக்கு முப்பது யூரோவுக்கு மேல் என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நாள் மட்டும் அங்கே சாப்பிடுங்கள், மறுநாள் தெருமுனையில் ஒரு குருவாசான் போதும். ஊர்த் தங்கல் வரி வேறு சேரும். விமானத்தில் வருகிறவர்கள் டாக்சிக்குக் கொட்டிக்கொடுக்க வேண்டாம், விமான நிலையத்திலிருந்து ட்ராம் வருகிறது, ஓட்டலுக்குச் சில நிமிட நடைதூரத்தில் இறங்கிக்கொள்ளலாம். இறகுத் தொப்பிக்காரர் முன்னால் சக்கரப்பெட்டியை நாமே தள்ளிக்கொண்டு போய் நிற்க வெட்கமாக இருக்கிறதே என்று மட்டும் நினைக்காதீர்கள்.

அறையைப் பதிவு செய்யும்போது ஒரு எச்சரிக்கை, இது பெயர் சொல்லாத வேறொரு ஊர் வேறொரு ஓட்டலில் நாங்கள் பட்டது. கடல் பார்வை என்று கூடுதலாகக் கட்டிவிட்டுப் போனால், பால்கனியில் கழுத்தை நீட்டி இடப்பக்கம் திரும்பினால் கட்டடங்களுக்கு நடுவே ஒரு முழ நீலம். முழுக் கடல், பக்கவாட்டுக் கடல், உள்முற்றம், தெருப்பக்கம் என்று வகைகள் இருக்கும், வலைத்தளத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, சந்தேகம் இருந்தால் போன் போட்டுக் கேளுங்கள். கல்யாண நாள் என்பதையும் அப்போதே சொல்லிவையுங்கள், கேட்டால் ஒன்றும் குறைந்துவிடாது, இடம் காலியாக இருந்தால் நல்ல அறையாகக் கொடுக்க வாய்ப்புண்டு.

ஆக நெக்ரெஸ்கோ, ஜனவரி கடைசி வாரம், செவ்வாயும் புதனும். கோடை, பிள்ளைகள், மணல் என்றால் நானே உங்களைக் கானுக்கு அனுப்புவேன். லாட்டரி விழுந்தால் ஜூன் மாதம் ஈடன் ராக், அப்போது கருத்தை மாற்றிக்கொள்வதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

அறை மட்டும்தான் இன்னும் முடிவாகவில்லை. பின்பக்க அறை எடுத்தால் மிச்சமாகிற காசில் மதுவும் விருந்துமாக ஒரு ராத்திரியை ஒப்பேற்றலாம், எப்படியும் தூங்கத்தானே போகிறோம் என்பது என் கணக்கு. விடியற்காலை ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் வீட்டிலேயே படுத்துக்கொள்கிறேன் என்பது அவள் கணக்கு. பதிவுப் பக்கம் இரண்டு நாளாகத் திறந்தபடியே இருக்கிறது, கடல் பக்க அறை இன்னும் இரண்டுதான் பாக்கி என்று காட்டுகிறது.